கொடி விழுந்த ஆட்டம்

ஆரணி பஸ் ஸ்டாண்டில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்த அதே காலையில், யாருக்காக அது வெடித்ததோ அந்தச் சடையப்பன் நாக்பூரில் ஒரு சுடுகாட்டு வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். செய்தி பேப்பரில் வந்துவிட்டது. இந்த வருடத்துச் சதுரங்க தேசிய சாம்பியன் ஆரணிக்காரர், மின்சார வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவர் என்ன ஆனார் என்பது அதற்குக் கீழே, பொடி எழுத்தில் இரண்டே வரி. ஆரணியில் அந்த இரண்டு வரிவரை படித்தவர்கள் குறைவு. 1981-ஆம் வருடம் அது.

சடையப்பன் பிறந்தது களம்பூரில். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா செல்லியம்மாள் அரிசி ஆலைக் களத்தில் புழுங்கல் நெல்லைக் காய வைத்துக் காலால் கிளறிவிடும் வேலை செய்து அவனைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள். படித்து முடித்தும் வேலை கிடைக்காமல் அதே ஆலையில் மூட்டை தூக்கப் போனான். ஒரு மழைக்காலத்தில் அடுக்கி வைத்திருந்த நெல் மூட்டைகள் ஈரத்தில் சரிந்து அவன் மேல் விழுந்தன. மற்றவர்கள் மூட்டைகளைப் புரட்டி அவனை வெளியே இழுத்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் காத்தவராயன் என்று ஒரு லாரி டிரைவர். விபத்தில் இரண்டு கையும் நசுங்கி, தோள்வரை கட்டு. அந்த ஆளுக்குச் செஸ் என்றால் பைத்தியம். வார்டு கம்பவுண்டரோடு ஆடுவார். ஆனால் காயை நகர்த்தக் கை இல்லை.

"தம்பி, சும்மாதான படுத்துகினு இருக்கற? அந்தக் குதிரையத் தூக்கி ரெண்டு கட்டம் முன்னால, ஒரு கட்டம் பக்கத்துல வையி," என்பார்.

அப்படித்தான் சடையப்பன் அந்த விளையாட்டுக்குள் வந்தான், இன்னொருவருடைய கையாக. குதிரையை நேராக வைத்துத் திட்டு வாங்கினான். யானையைக் குறுக்கே இழுத்துத் திட்டு வாங்கினான். கொஞ்ச நாள் போயிற்று. ஒரு மத்தியானம் காத்தவராயன் யானையை முன்னே தள்ளச் சொன்னபோது, சடையப்பன் யானையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"இன்னாடா?"

"இத நவுத்துனா நம்ம ராணி பூடும்ணே."

காத்தவராயன் பலகையைப் பார்த்தார். கம்பவுண்டரும் பார்த்தார். இருவருக்கும் அது தெரிய வெகுநேரம் ஆனது. தெரிந்ததும் காத்தவராயன் கட்டுப் போட்ட கைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எவண்டா உனுக்கு இத சொன்னது?" என்று சண்டைக்கு வருவதுபோல் கேட்டார். யாரும் சொல்லவில்லை. அது அங்கேயே கிடந்தது, அவன் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர், "நீயே ஆடு, நான் பாத்துகினு இருக்கேன்," என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகும் நாளில் பலகையையும் காய்களையும் அவன் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை அவன் பார்க்கவே இல்லை.

கால் கூடியது, லேசாக விந்தி நடக்கிற அளவுக்கு. மூட்டை தூக்க இனி முடியாது. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்திருந்தது கைகொடுத்து, மின்சார வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலைக்கு ஆரணிக்கு வந்தான். பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டான். அவள் பட்டு நூல் சுற்றும் வேலைக்குப் போனாள்.

ரீடிங் எடுக்கிறவன் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். கொசப்பாளையத்தில் ஒரு நெசவு வீட்டில் தறிக்கு மேலே மீட்டர். அந்த வீட்டுச் சம்பந்தம் ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுச் செஸ் பலகையோடு உட்கார்ந்திருந்தார். ரீடிங் எழுதிக்கொண்டே சடையப்பன், "அந்த மந்திரிய எடுத்துடுங்க, மாட்டிக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த தடவை ரீடிங் எடுக்க வந்தபோது சம்பந்தம் அவனுக்காகவே ஒரு ஆட்டத்தைத் தொடங்கி வைத்திருந்தார். அவன் ஒரு காயை நகர்த்திவிட்டுப் போவான். அடுத்த ரீடிங்குக்கு வரும்வரை அவர் யோசிப்பார். பலகை பரண்மேல் இருக்கும். இந்தப் பழக்கம் தெருவில் பரவியது. மூன்று நான்கு வீட்டில் அப்படிப் பரண்மேல் பலகைகள் காத்திருந்தன. ஒட்டடை அடிக்கும்போது குதிரை இடம் மாறிவிட்டது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டைகூட வந்தது.

சம்பந்தம்தான் அவனை வேலூரில் நடந்த மாவட்டப் போட்டிக்கு அனுப்பி வைத்தார். போய் ஜெயித்துவிட்டு வந்தான். அங்கிருந்து மாநிலப் போட்டி. பேப்பரில் 'ஆரணி சடையப்பன்' என்று பெயர் வர ஆரம்பித்ததும் பட்டுக்கடை வேணுகோபால் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு யானைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் காஞ்சிபுரத்துக்காரர்கள் ஆரணிப் பட்டை மட்டமாகப் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் புழுங்கிப் போனவர். ஊர்ப் பெயர் பெரிதாக வர வேண்டும், எதில் வந்தாலும் சரி. "நீ ஆடு. போக வர எல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார். பார்த்தும் கொண்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பச்சையம்மாளுக்குத்தான் இது பிடிபடவில்லை. "மரக்கட்டையப் பாத்துகினே இருக்கறியே, சோறு ஆறிப் போவுது," என்பாள். அவன் மாநில சாம்பியன் ஆனபோது தெருவே வந்து சொல்லியும் அவள் நம்பாமல், "நெசமாவா? நீயா?" என்று அவனிடமே கேட்டாள். அவனுக்கும் அப்போது அதே கேள்விதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

நாக்பூர் போட்டிக்குப் போக காட்பாடியில் ரயிலுக்கு நின்றபோதுதான் முனிரத்தினத்தைப் பார்த்தான். சித்தூர் கோர்ட்டில் குமாஸ்தா. ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு. தேசியப் போட்டிக்குப் பல வருடமாகப் போய் வருபவர். இரண்டாவது இடம், மூன்றாவது இடம் எல்லாம் வந்திருக்கிறார். முதலிடம் மட்டும் கிட்டவில்லை. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கேரியரைத் திறந்து புளிசாதத்தில் பாதியை இலையில் அவன் பக்கம் தள்ளினார்.

"சாப்டு நைனா. பலகைல உன்ன உடமாட்டேன். இங்கயாவது சாப்டு."

சடையப்பன் தயங்கினான். தான் எந்தத் தெருவிலிருந்து வருகிறவன் என்று தெரிந்தால் இந்த மனுஷன் எப்படி மாறுவாரோ என்ற யோசனை. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது என்று சொல்லியும்விட்டான். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளாமல், அவன் பையிலிருந்த கேழ்வரகு அடையைத் தானே எடுத்துப் பிட்டுத் தின்றபடி, "உங்க வூட்டம்மா உப்பு சரியா போட்டுகீது," என்றார்.

நாக்பூரில் இருவருக்கும் ஒரே அறை. சப்பாத்தி சரிப்படாமல் இருவருமாகச் சேர்ந்து எங்கோ ஒரு தமிழ்க் குடும்பம் நடத்திய மெஸ்ஸைக் கண்டுபிடித்தார்கள். மாடிப்படி ஏறும்போது முனிரத்தினம் பாதியில் நின்றுவிடுவார். "கேஸ் நைனா. வயித்துல கேஸ்," என்று நெஞ்சுக்குக் கீழே தடவிக்கொள்வார். ஓமத் தண்ணீர் குடிப்பார். சடையப்பன் டாக்டரிடம் போகலாம் என்றபோது, "போட்டி முடியட்டும். இந்த ஒரு தடவ மட்டும் மொத எடம் வந்துச்சின்னா போதும். அப்பறம் இந்தப் பலகைய எங்க கிருஷ்ணம்மா அடுப்புல வெச்சாலும் ஏன்னு கேக்கமாட்டேன்," என்றார்.

யார் யாரோ பெரிய ஆட்களெல்லாம் நடுவில் சறுக்கினார்கள். கடைசிச் சுற்று வந்தபோது பட்டியலில் முதலில் முனிரத்தினம், அரைப் புள்ளி பின்னால் சடையப்பன். கடைசி ஆட்டம் இருவருக்கும் இடையில். சமன் செய்தால்கூட அவருக்குப் பட்டம். சடையப்பன் ஜெயித்தே ஆக வேண்டும். அன்று காலை அறையைவிட்டுக் கிளம்பும்போது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கி நாம பேசக் கூடாது நைனா. ஆட்டம் முடிஞ்சதும் பேசிக்கலாம்," என்றார். அவனும் தலையாட்டினான்.

ஜெயிக்க வேண்டுமே என்று சடையப்பன் துணிந்து ஆடினான். ஒரு குதிரையைப் பலி கொடுத்தான். முனிரத்தினம் அதை வாங்கிக்கொண்டு பதறாமல் ஒவ்வொரு வழியாக அடைத்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். செஸ் கடிகாரத்தில் இரண்டு முகம் இருக்கும், ஆளுக்கு ஒன்று. தன் நேரம் தீர்ந்தால் அதிலுள்ள சின்னச் சிவப்புக் கொடி விழும், விழுந்தால் தோல்வி. நேரம் தீரப் போகிறது என்று காட்டி அவருடைய கொடி தூக்கி நிற்க ஆரம்பித்திருந்தது. ஆனாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. அவருடைய சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்துக்கு முந்திய கட்டத்தில் நின்றது. அதைத் தடுக்கச் சடையப்பனிடம் எதுவும் இல்லை. இன்னும் ஒரு நகர்த்தல், சிப்பாய் ராணியாகிவிடும். அத்தோடு ஆட்டமும் பட்டமும் அவருக்கு.

சடையப்பன் தன் ராஜாவைச் சாய்த்துத் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம் என்று கையை நீட்டினான். நீட்டிய கையை நிறுத்திக்கொண்டான். இத்தனை வருடம் காத்திருந்த மனுஷன், தன் கையாலேயே சிப்பாயை ராணியாக்கி வைக்கட்டும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சாய்க்கலாம்.

முனிரத்தினத்துக்கு வேர்த்துக் கொட்டியது. மின்விசிறி நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தும் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சந்தோஷத்தில் வரும் பதற்றம் என்று சடையப்பன் நினைத்தான். அவர் கையை நீட்டினார். சிப்பாய்க்கு மேலே அந்தக் கை நின்றது. பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பேசக் கூடாது என்று சொன்னவர், "நைனா," என்றார். அவ்வளவுதான். அப்படியே பலகைமேல் கவிழ்ந்தார். காய்கள் தரையில் உருண்டு ஓடின.

மேசையைச் சுற்றி ஓடியது சடையப்பனுக்கு நினைவில்லை. தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தான். "தண்ணி! தண்ணி குடுங்க! டாக்டரக் கூப்டுங்க!" என்று கத்தினான். அவன் கத்தியது சுற்றி நின்றவர்களுக்குப் புரியாத பாஷை. சுற்றிலும் கால்கள். யாரோ சட்டையைத் தளர்த்தினார்கள், யாரோ விசிறினார்கள். மடியிலிருந்த தலை கனத்துக்கொண்டே போனது. மேசைமேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் அதை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 'டிக்' என்று கொடி விழுந்த சத்தம் அவன் காதில் விழுந்தது. அது என்ன சத்தம் என்று அப்போது அவனுக்குப் புரியவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

சாயங்காலம் நடுவர்கள் ஒரு அறையில் கூடினார்கள். சடையப்பனையும் கூப்பிட்டார்கள். சட்டையில் முனிரத்தினத்தின் வேர்வை இன்னும் காயவில்லை. மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு நடுவர் தமிழில் சொன்னார்: அவருடைய நேரம் தீர்ந்து கொடி விழுந்திருக்கிறது. அவரால் ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. விதிப்படி ஆட்டம் உங்களுக்கு.

"நான் தோத்துட்டேங்க. அப்பிடின்னு எழுதிக்குங்க."

"கொடி விழுந்ததுக்கப்புறம் தோல்வி சொல்ல முடியாது தம்பி. விதி இடம் கொடுக்கல."

"செத்துப் போனவருக்கு இன்னாங்க கடியாரம்?"

அந்த நடுவர் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் முடிவு மாறவில்லை. அன்றே பரிசளிப்பும் நடந்தது. சடையப்பன் போகவில்லை. கோப்பையை மாநிலச் சங்கத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவன் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தான். தந்தி கிடைத்துச் சித்தூரிலிருந்து முனிரத்தினத்தின் மனைவி கிருஷ்ணம்மாளின் தம்பி குப்புராஜ் ரயிலேறி வரும்வரை உடம்பை ஐஸில் வைத்திருந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அங்கேயே எரித்தார்கள். பாடை தூக்க ஆள் போதவில்லை. விந்திய காலோடு சடையப்பன் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

குப்புராஜோடு அஸ்தியை எடுத்துக்கொண்டு சித்தூருக்கும் அவன்தான் போனான். வீட்டில் கிருஷ்ணம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். அவனைப் பார்த்ததும், "நீதான் ஆரணி புள்ளயா? கூடவே இருந்தியாமே," என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் முன்னால் கேட்டார்:

"கடைசி ஆட்டம் இன்னா ஆச்சிப்பா? ஜெயிச்சாரா?"

குப்புராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்காவிடம் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சடையப்பனுக்கு வாய் வரவில்லை.

"அவுருதான்மா ஜெயிச்சிகினு இருந்தாரு. இன்னும் ஒரே ஒரு காய். அதுக்குள்ள... கப்பு எனுக்குக் குடுத்துட்டாங்க."

"உனுக்கு ஏன் குடுத்தாங்க?"

"எங்கூடத்தான்மா ஆடிகினு இருந்தாரு."

கிருஷ்ணம்மாள் அவன் கையை விட்டார். பாம்பைத் தொட்டுவிட்டதுபோலத் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீயா?" என்றார். எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. "நீங்க கெளம்புங்க," என்றார் குப்புராஜ், கோபமில்லாமல். சடையப்பன் வெளியே வந்து எந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு என்று கேட்காமலேயே நடந்தான்.

ஆரணியில் இறங்கியபோது மேளம் அடித்தார்கள். சித்தூர் வழியாக வருகிறான் என்று எப்படியோ தெரிந்துகொண்டு வேணுகோபால் ஆட்களை நிறுத்தி வைத்திருந்தார். சவரம் செய்யாத முகம், சுடுகாட்டுப் புகை வாடை அடிக்கும் சட்டை. அதன் மேலேயே ரோஜா மாலையைப் போட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை மைதானம் வரை ஊர்வலம். பட்டுக்கடைகள் எல்லாம் சாத்தி ஆட்கள் தெருவில் நின்றார்கள். பச்சையம்மாளையும் செல்லியம்மாளையும் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். களம்பூர் களத்தில் நெல் கிளறிய அந்த அம்மா, நாற்காலியின் நுனியில் விழுந்துவிடுவது போல உட்கார்ந்திருந்தாள். எல்லாம் யாருக்கோ நடப்பதுபோல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேணுகோபால் மைக்கைப் பிடித்தார். ஆரணியின் பெருமை, பட்டின் பெருமை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நம்ம சடையப்பன் ஆட்டத்தப் பாத்து எதிராளி அதிர்ச்சியில உயிரயே உட்டுட்டாருன்னா பாத்துக்குங்களேன்!" என்றார்.

கூட்டம் கைதட்டியது. சிலர் சிரித்தார்கள். விசில்கூட வந்தது.

சடையப்பன் எழுந்தான். மைக்கை வாங்கினானா பிடுங்கினானா என்பதைப் பற்றி ஊரில் பிற்பாடு இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். "கை தட்டாதீங்க," என்றான். சத்தம் அடங்கவில்லை. "தட்டாதீங்கய்யா!" என்று கத்தினான். மைக் கீச்சிட்டது. மைதானம் அடங்கியது.

"நான் ஜெயிக்கல. தோத்துகினு இருந்தேன். என் மடியிலதான் அவுரு செத்தாரு. அவுரு எனுக்குச் சோறு போட்டவரு. ஆட்டம் அவுருது. நான் சொன்னேன், அவங்க கேக்கல. அவ்ளோதான்."

வேணுகோபாலின் முகம் வெளுத்துப் போயிருந்தது. கூட்டம் எப்படிக் கலைந்தது என்பது தெரியாமல் கலைந்தது. மேளக்காரர்கள் மேளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்கள். வேணுகோபால் கிட்டே வந்து, மெல்லிய குரலில், "ஊரு மானத்த இப்பிடி மைக் போட்டு வாங்கிட்டியேய்யா. வீட்டுக்குள்ள சொல்லிருக்கக் கூடாதா?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் அவனோடு பேசவில்லை. சம்பந்தம்தான் மேடைமேல் ஏறி வந்து அவன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தார். "வா, வூட்டுக்குப் போலாம்," என்றார்.

அன்றிலிருந்து சடையப்பன் காயைத் தொடவில்லை. ரீடிங் எடுக்கப் போகிற வீடுகளில் மீட்டரை மட்டும் பார்த்தான். பரண்மேல் பலகையை எடுக்கப் போன கைகள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கின. கொஞ்ச நாளில் கோப்பையும் வந்து சேர்ந்தது. பச்சையம்மாள் அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். ராத்திரியில் அவன் திடுக்கிட்டு எழுந்து உட்காருவதை அவள் பார்த்திருக்கிறாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரு சத்தம்," என்பான்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குப்புராஜோடு கிருஷ்ணம்மாள் வந்து வாசலில் நின்றார். கதவைத் திறந்த பச்சையம்மாளுக்கு யாரென்று தெரியவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சடையப்பன் பாயை எடுத்து விரித்தான்.

"கடைசி ஆட்டத்த எனக்குக் காட்டு," என்றார் கிருஷ்ணம்மாள், உட்காருவதற்கு முன்பே.

காத்தவராயன் விட்டுப் போன அந்தப் பழைய பலகையைத் தேடி எடுத்துத் தரையில் வைத்தான். ஒவ்வொரு காயாக நகர்த்தி, இது நான் வைத்தது, இது அவர் வைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு இடத்திலும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அப்படியே மனசில் இருந்தது. கிருஷ்ணம்மாளுக்குச் செஸ் தெரியாது. ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்தார். கடைசியில் அந்தச் சிப்பாய் ஒரு கட்டம் மிச்சம் வைத்து நின்றது.

"இதுக்கு மேல?"

"இதுக்கு மேல இந்தச் சிப்பாய இங்க வெப்பாரு. அது ராணி ஆயிடும். நான் தோத்துடுவேன்."

"வையி."

வைத்தான். தன் ராஜாவைச் சாய்த்தான். கிருஷ்ணம்மாள் சாய்ந்து கிடந்த அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோதானா?" என்றார். "இதுக்கா? இந்த ஒரு கட்டத்துக்கா இத்தினி வருசமா ஊர் ஊரா போனாரு?"

குப்புராஜ், "அக்கா," என்று தடுக்கப் பார்த்தார். சடையப்பன் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "நான் முன்னாடியே ராஜாவ சாச்சிருக்கலாம்மா. கையக்கூட நீட்டுனேன். அவுரு கையாலயே ராணி வெக்கட்டும், அவுரு மொகத்தப் பாக்கலாம்னு நிறுத்திட்டேன்."

கிருஷ்ணம்மாள் அவனை வெறித்துப் பார்த்தார்.

"அப்ப, நீ சாச்சிருந்தா உசுரோட ஜெயிச்சிருப்பாரு."

"ஆமாம்மா."

அடிப்பார் என்று பச்சையம்மாள் நினைத்தாளாம். அவர் அடிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "அவுரு மூஞ்சியப் பாக்கணும்னு நெனச்சியா," என்று மட்டும் சொன்னார். பச்சையம்மாள் சோறு போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கிருஷ்ணம்மாள் ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "இந்தப் போட்டி மறுபடி வருமா?"

"வரும்மா. வேற ஊர்ல வெப்பாங்க. நான் போறதா இல்ல."

"போ. நீ போவலன்னா யாரு அவரப் பத்திக் கேக்கப் போறாங்க? நீ போனா, போன வருசம் இன்னா ஆச்சின்னு கேப்பாங்க. கேட்டா, என்கிட்ட சொன்னியே, அதச் சொல்லு."

போனான். அடுத்த தேசியப் போட்டியில் அவன் ஆட்டம் மோசம். பட்டியலின் கீழ்ப்பாதியில் எங்கேயோ முடிந்தது. பட்டம் வேறு ஒருவருக்குப் போனது. யார் கேட்டாலும் சொன்னான். அரைகுறை இங்கிலீஷில், பிறகு கொஞ்சம் ஹிந்தியில், "அந்த வருஷம் சாம்பியன் முனிரத்தினம்," என்று தொடங்குவான். அந்தக் கதையைக் கேட்டவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சிலர் அவனைப் பித்துப்பிடித்தவன் என்றார்கள். கிருஷ்ணம்மாள் பிற்பாடு வரவில்லை. தீபாவளிக்குக் குப்புராஜ் மட்டும் எப்போதாவது பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

பரண்மேல் பலகைகள் மறுபடி இறங்கின. சடையப்பன் இன்னும் சில வருடம் ஆடினான். மாநிலப் பட்டம் மறுபடியும் வந்தது. தேசியப் போட்டியில் ஒரு தடவை நான்காம் இடம் வரை ஏறினான். வேணுகோபால் ஒரு நாள் கடை வாசலில் அவனை நிறுத்தி, "ரயில் டிக்கெட் நான் போட்டுடறேன்," என்று மட்டும் சொன்னார். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஆனால் ஒரு பழக்கம் அவனை விடவில்லை. எதிரே இருப்பவர் முகம் கறுத்தாலோ, நெஞ்சைத் தடவினாலோ, அவன் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பான். 86-ஆம் வருடம் பம்பாயில், ஜெயித்தால் முதல் மூன்றுக்குள் வந்துவிடலாம் என்கிற ஆட்டம். எதிரே ஒரு கல்லூரிப் பையன். ஆட்டத்தின் நடுவில் பையனின் நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கின்மேல் வழிந்தது. சடையப்பன் சட்டென்று கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து, "டாக்டர்! டாக்டர்!" என்று கூப்பிட்டான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பையன் பதறிப்போய்த் தனக்கு ஒன்றுமில்லை, தன்னை வேண்டுமென்றே குழப்புகிறார் என்று புகார் செய்தான். நடுவர் சடையப்பனை எச்சரித்து, பையனுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் சடையப்பன் தோற்றான்.

ஊருக்கு வந்ததும் பச்சையம்மாள் கேட்டாள்: "ஏன் தோத்த?"

"எதிர்ல இருந்த புள்ளைக்கு வேர்த்துச்சி."

"ஐயய்யோ, சீக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்தான். பயத்துல வேர்த்துகீது."

பச்சையம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பயந்தது அவனா?" என்றாள்.

சடையப்பன் பையை இறக்கி வைத்துவிட்டுக் கால் கழுவப் போனான்.